தினமும் துடைத்தும் கார் மங்குகிறதே, ஏன்?

கேள்வி: என்னுடையது கறுப்பு கார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஷாம்பு போட்டுக் கழுவுகிறேன். கழுவிய மறுநாளே தூசி படிந்துவிடுகிறது. மரங்கள் பூக்கும் பருவத்தில் மஞ்சள் தூள் வேறு. அதனால் தினமும் காலையில் மென்மையான துணியால் ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். அப்படியும் வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கோடுகள். துணியை மாற்ற வேண்டுமா, ஸ்ப்ரே ஏதாவது வாங்க வேண்டுமா? தினமும் கழுவ நேரம் கிடையாது.

பதில்: அந்தக் கோடுகள் வரக் காரணமே நீங்கள் தினமும் துடைப்பதுதான். முதலில் அதை நிறுத்துங்கள்.

துணி எவ்வளவு மென்மையாக இருந்தாலும் தூசி மென்மையானதல்ல. மண் தூசியில் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் துகள்கள் கலந்திருக்கும். மோஸ் கடினத்தன்மை அளவில் (எண் கூடினால் கடினம் கூடும்) குவார்ட்ஸ் 7; சாதாரணக் கண்ணாடியே ஏறக்குறைய 5.5தான். உங்கள் காரின் நிறத்துக்கு மேலே பளபளப்பாக இருக்கும் கிளியர் கோட், கண்ணாடியைவிட மிகவும் மெத்தான ஒரு பிளாஸ்டிக் படலம். அதன் தடிமன் பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான் அளவில்தான் இருக்கும், அதாவது ஒரு தலைமுடியைவிட மெல்லியது. காய்ந்த தூசியின் மேல் துணியை வைத்து இழுத்தால் அந்தத் துகள்கள் துணியில் சிக்கிக்கொண்டு இந்தப் படலத்தைக் கீறிக்கொண்டே போகும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் சேரும்போது வெயில் காட்டிக் கொடுத்துவிடும்.

அந்தக் கோடுகள் வட்டமாகத் தெரிவதால் வட்டமாகத் துடைத்ததுதான் தப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கும். சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, ஒளியைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் கோணத்தில் அமைந்தவை மட்டும் மின்னுவதால் வலை மாதிரி தோன்றுகிறது. வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் இருக்கும், கண்ணுக்கு எளிதில் படாது, அவ்வளவுதான்.

சரி, துடைக்காமல் விட்டால் பெயின்ட் கெடாதா? இங்கே தூசியையும், நீங்கள் மஞ்சள் தூள் என்று சொல்லும் மகரந்தத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். காய்ந்த மண் தூசி ஒரு வாரம் அப்படியே கிடந்தாலும் பெயின்டுக்கு ஒன்றும் ஆகாது. அசிங்கமாகத் தெரியும், அதோடு சரி. மகரந்தத்துக்கு அந்தப் பொறுமை காட்ட முடியாது. அதன் வெளிச்சுவர் ஸ்போரோபொலெனின் என்ற, உயிருலகத்திலேயே மிக உறுதியான பொருள்களில் ஒன்றால் ஆனது. பல வகை மகரந்தங்களில் அந்தச் சுவர் முள் முள்ளாகவும் இருக்கும். ஆகவே காய்ந்த நிலையில் தேய்த்தால் அதுவும் கீறும். பனியோ தூறலோ பட்டால் வேறு தொல்லை. நீரை உறிஞ்சி ஊதி வெடித்து, உள்ளே இருக்கும் பசைத்தன்மையுள்ள பொருளை வெளியே விடும். அது வெயிலில் காய்ந்தால் மஞ்சள் வளையமாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே மஞ்சள் தூள் விழும் பருவத்தில் மட்டும், அது நனைவதற்கு முன்பே அகற்றப் பாருங்கள். கனமழை வந்தால் பெரும்பாலும் கழுவிக்கொண்டு போய்விடும். லேசான தூறல்தான் மோசம்.

அகற்றுவதில் முதல் வழி, தொடாமலே அகற்றுவது. பேட்டரியில் ஓடும் சிறிய ப்ளோயர் ஒன்று கையில் இருந்தால் சில நிமிடங்களில் புதுத் தூசியில் பெரும்பகுதி பறந்துவிடும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். மகரந்தம் ஒவ்வாதவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கார் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பனி ஈரம் இருக்கும் காலையில் இது வேலை செய்யாது, மாலையில் செய்யலாம். மண் தரையில் நின்று ஊதினால் கீழே இருப்பதெல்லாம் மேலே வந்து உட்காரும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ப்ளோயர் இல்லையென்றால் வெறும் தண்ணீர். ஹோஸ் பைப்பில் மேலிருந்து கீழாக ஓட விட்டால் தளர்ந்த தூசியும் மகரந்தமும் போய்விடும். ஆனால் தண்ணீர் எப்படிப்பட்டது என்று பாருங்கள். உப்புத் தண்ணீரை வெயிலில் காய விட்டால் வெள்ளைப் புள்ளிகள் படியும். அவற்றை எடுப்பது தூசியை எடுப்பதைவிடப் பெரிய வேலை. நிழலில், பானெட் சூடு ஆறிய பிறகு செய்யுங்கள். தண்ணீர் ஓடிய பிறகும் மெல்லிய அழுக்குப் படலம் ஒன்று மிச்சம் இருக்கும், அதனால் இழுத்துத் துடைக்காமல் பெரிய மைக்ரோஃபைபர் துண்டை மேலே விரித்து ஒற்றி எடுங்கள்.

உங்கள் நிலைமைக்கு நான் சிபாரிசு செய்வது ரின்ஸ்லெஸ் வாஷ் என்று விற்கும் திரவம். நுரை வராது, கடைசியில் அலச வேண்டியதும் இல்லை. இதில் உள்ள பாலிமர்கள் தூசித் துகளைச் சூழ்ந்து வழுக்க வைக்கும். அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். 4 லிட்டர் தண்ணீருக்கு 15 மில்லி என்ற அளவில் கலப்பவை உண்டு, ஆனாலும் பாட்டிலில் போட்டிருப்பதைத்தான் பின்பற்ற வேண்டும். கலந்த நீரில் கொஞ்சத்தை ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்து, துடைக்கப் போகும் பகுதியில் தாராளமாக அடித்து ஒரு நிமிடம் ஊற விடுங்கள். அப்புறம் அதே கலவையில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியை, சொட்டச் சொட்ட, அழுத்தாமல், நேர்க்கோட்டில் ஒரே ஒரு முறை இழுங்கள். துணியை நான்காக மடித்தால் எட்டு சுத்தமான பக்கம் கிடைக்கும். ஒரு இழுப்புக்கு ஒரு பக்கம். எட்டும் முடிந்தால் அடுத்த துணி. அழுக்குத் துணியை மறுபடி வாளிக்குள் விடாதீர்கள். ஒரே வாளி, ஒரே துணி, கலங்கிய தண்ணீர் என்று கார் முழுவதையும் துடைப்பது, காய்ந்த துணியால் துடைப்பதற்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல.

கதவின் கீழ்ப்பகுதி, பின் பம்பர், சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் இடம் ஆகியவற்றை இந்த முறையில் தொட வேண்டாம். அங்கே இருப்பது தூசி அல்ல, மணல். அது முழுக் கழுவலுக்குக் காத்திருக்கட்டும்.

குயிக் டீடெய்லர் ஸ்ப்ரே (அடித்துத் துடைத்தெடுக்கும் வழுவழுப்பான திரவம்) வாங்கலாமா என்றால், வாங்கலாம், ஆனால் அதற்கு வேலை குறைவு. ப்ளோயரால் ஊதிய பிறகு மிஞ்சும் மெல்லிய தூசி, விரல் ரேகை, அந்த அளவுக்குத்தான். தூசியின் நிறம் பெயின்டின் நிறத்தை மறைக்கத் தொடங்கிவிட்டது என்றால் ஸ்ப்ரேயின் வழுவழுப்பு போதாது. மேட் பெயின்ட், அதாவது பளபளப்பில்லாத பெயின்ட், உள்ளவர்கள் மினுமினுப்பு தரும் ஸ்ப்ரே பக்கமே போகாதீர்கள்.

மெழுகு ஏற்றிய பருத்தி இழைகள் கொண்ட கார் டஸ்டரைப் பற்றிச் சண்டையே நடக்கும். மூடிய கராஜில் நிற்கும், வேக்ஸ் போட்ட, வெளிர் நிறக் காரில், அதன் எடை மட்டும் படும்படி தடவினால் பெரிய பாதகம் இல்லை. வெளியே நிற்கும் கறுப்பு காருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். துணியால் தட்டித் தட்டித் தூசி விரட்டுவதும் வேண்டாம்.

மகரந்தக் கறை ஏற்கெனவே பிடித்திருந்தால், காரைக் கழுவிய பிறகு, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் நனைத்த துணியைக் கறையின் மேல் சில நிமிடம் போர்த்தி வைத்து அலசுங்கள். சூடு அந்தப் பசையை இளக்கும். ஒரு தடவையில் போகாவிட்டால் மறுபடி செய்யுங்கள், சுரண்ட வேண்டாம்.

முன் கண்ணாடியில் தூசி இருக்கும்போது வைப்பரை வறட்டுத்தனமாக ஓட விடாதீர்கள். வாஷர் தண்ணீரை நன்றாக அடித்த பிறகே ஓட்டுங்கள். கார் கவரும் அப்படித்தான். தூசியோடு இருக்கும் காரின் மேல் கவரைப் போர்த்தினால், காற்றில் அது அசையும்போதெல்லாம் உப்புத்தாள் வேலைதான் நடக்கும். சுத்தமான காருக்கு மட்டும் கவர்.

இப்போது இருக்கும் கோடுகளைப் பாலிஷ் செய்து எடுக்கலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம். பாலிஷ் என்பது கிளியர் கோட்டில் கொஞ்சத்தைத் தேய்த்து எடுப்பதுதான்; சில தடவைக்கு மேல் தாங்காது. மேலே சொன்னபடி இரண்டு மூன்று மாதம் பழகிவிட்டு, பெயின்ட் தடிமனை அளந்து பார்த்துச் செய்பவரிடம் கொடுங்கள். அதன் மேல் வேக்ஸோ செராமிக் கோட்டிங்கோ போட்டால் தூசி இன்னும் சுலபமாகக் கழன்று வரும். செராமிக் போட்டால் கீறலே விழாது என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.