நிலநடுக்க நினைவு நாள் ஆராதனையை எப்படி நடத்த வேண்டும்?

கேள்வி: ஊரையே சாய்த்த நிலநடுக்கத்தின் ஆண்டு நினைவு நாளில் எங்கள் சபையில் ஆராதனை வைக்கிறோம். உறவுகளை இழந்தவர்களும் பிழைத்தவர்களும் வருவார்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

முதலில் நேரம். பூமி குலுங்கிய நிமிடத்தை நடுவில் வைத்து மற்றதை அமையுங்கள். இத்தாலியின் லாக்குவிலா நகரில் 2009 ஏப்ரல் 6 அதிகாலை 3:32க்கு நிலம் நடுங்கி 309 பேர் இறந்தார்கள். அங்கே ஆண்டுதோறும் அந்த இரவில் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் போகிறார்கள், பெயர்களை வாசிக்கிறார்கள், மணி 309 முறை ஒலிக்கிறது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரி 22 அன்று 185 பேர் இறந்தார்கள். நினைவு நாளில் பகல் 12:51க்கு எல்லோரும் மௌனமாக நிற்கிறார்கள். வசதி பார்த்து அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவிட்டால், துக்கப்பட்டவர்கள் அந்த நிமிடத்தை வீட்டில் தனியாகக் கடக்க வேண்டிவரும்.

அடுத்து பெயர் வாசிப்பு. ஆராதனையின் உயிரே இதுதான், பிழைகள் அதிகம் நடப்பதும் இங்கேதான். ஒரு பெயருக்கு 5 நொடி கொடுத்தால் 300 பெயருக்கு 25 நிமிடம். அவசரப்பட்டு 2 நொடியில் முடித்தால் வருகைப்பதிவு எடுப்பது போலாகிவிடும். இரண்டு பேர் மாறி மாறி வாசிக்கட்டும். ஒருவர் குரல் உடைந்தால் மற்றவர் தொடரலாம். ஒரே குடும்பத்தில் இறந்தவர்களைப் பிரிக்காமல் அடுத்தடுத்து வாசியுங்கள், அகரவரிசை கெட்டாலும் பரவாயில்லை. பட்டியலை ஒரு மாதம் முன்பே குடும்பங்களிடம் காட்டி, உச்சரிப்பையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சபையாரை உட்காரச் சொல்லுங்கள். 25 நிமிடம் முதியவர்களால் நிற்க முடியாது.

பெயர் தெரியாதவர்களுக்கும் இடம் வேண்டும். ஹெய்ட்டியில் 2010 ஜனவரி 12 மாலை 4:53க்கு வந்த நிலநடுக்கத்தில் இறந்த பல்லாயிரம் பேரை அடையாளம் காணாமலே தித்தாயென் பகுதியில் மொத்தமாகப் புதைத்தார்கள். தலைநகர்ப் பேராலயம் இடிந்தது, பேராயர் ஜோசப் செர்ஜ் மியோவும் இறந்தார். உடலையே பார்க்காத குடும்பத்துக்கு அடக்க ஆராதனை முடிந்ததாகத் தோன்றாது. அவர்களுக்காகக் கடைசிப் பெயருக்குப் பிறகு, பெயர் எதுவும் சொல்லாமல் ஒரு மெழுகுவத்தி ஏற்றி ஒரு நிமிடம் காத்திருங்கள். மெழுகுவத்திகளை மணல் தட்டில் நான்கு விரல் இடைவெளி விட்டு ஊன்ற வேண்டும். நெருக்கினால் ஒன்றின் சூட்டில் மற்றொன்று இளகிச் சாயும்.

ஒலி விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. ஹெய்ட்டி மக்கள் காதில் விழுந்த உறுமலையே பெயராக்கி, அந்த நிலநடுக்கத்தை ‘கூடுகூடு’ என்கிறார்கள். ஆர்கனின் அடிஸ்வரம், டிரம்ஸ், ஒலிபெருக்கியின் பேஸ் எல்லாம் தரையையும் பெஞ்சையும் அதிரவைக்கும். பிழைத்தவர்களின் உடல் உடனே அன்றைய நாளுக்குப் போய்விடும். பேஸைக் குறையுங்கள், விளக்குகளை அணைக்காதீர்கள், கதவுகள் திறந்தே இருக்கட்டும். மௌனம் எத்தனை நிமிடம் என்று முன்பே சொல்லிவிட்டு, மெல்லிய குரலில் ஒரு ஜெபத்தால் அதை முடியுங்கள். திடீர் மணி வேண்டாம்.

வசனத் தேர்வில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பலர் நேராக 46ஆம் சங்கீதத்துக்குப் போகிறார்கள், பூமி நிலைமாறினாலும் பயப்படோம் என்று. பயந்து ஓடியவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்! முதலில் 88ஆம் சங்கீதத்தை முழுதாக வாசியுங்கள். ஆறுதலுக்குத் திரும்பாமல் இருளிலேயே முடியும் சங்கீதம் அது. வேதத்திலேயே இப்படியும் ஜெபித்திருக்கிறார்கள் என்று தெரியும்போது, அழுகிறவர்களுக்குத் தாங்கள் விசுவாசத்தில் குறைந்தவர்கள் என்ற குற்ற உணர்ச்சி விலகும். 46ஆம் சங்கீதம், பெயர் வாசிப்புக்குப் பின் வரட்டும்.

பிரசங்கம் 10 நிமிடம் போதும். ‘ஊரின் பாவத்துக்குத் தண்டனை’ என்ற பேச்சுக்கு லூக்கா 13:4 பதில் சொல்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்களே, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லோரையும்விடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்கிறார். அடுத்த வரி மனந்திரும்புதலைப் பற்றியது. அது கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு. இறந்தவர்கள்மேல் அதைச் சுமத்தக் கூடாது.

இன்னொன்று, சாட்சி. ‘கர்த்தர் என்னைத் தப்புவித்தார்’ என்று ஒருவர் மனதாரச் சொல்லும்போது, அதே கட்டடத்தில் மகளை இழந்த தாய்க்கு ‘உன் பிள்ளையைக் கைவிட்டார்’ என்றே கேட்கும். அந்த நன்றி உண்மையானது, அதற்கு வேறு ஒரு நாளில் இடம் கொடுங்கள்.

முடிந்ததும் ஆலயத்தைப் பூட்ட அவசரப்படாதீர்கள். தனியாக வந்தவர்கள் பக்கத்தில் போய் உட்கார இரண்டு மூன்று பேரை முன்பே ஏற்பாடு செய்யுங்கள். அவர்கள் எதுவும் பேச வேண்டியதில்லை. வாசலில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். எவ்வளவு சரிபார்த்தாலும் ஏதாவது ஒரு பெயர் விடுபட்டிருக்கும். வந்து எழுதுகிறவரிடம் மன்னிப்புக் கேட்டு, அந்தப் பெயரை அங்கேயே அப்போதே சத்தமாக ஒருமுறை வாசியுங்கள்.