அமெரிக்க அதிபரின் மூத்த அதிகாரிகள் ஏன் அடிக்கடி மாறுகிறார்கள்?

அமைச்சர்களும் ஆலோசகர்களும் அதிபரின் பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்தடுத்து விலகுகிறார்கள், அல்லது நீக்கப்படுகிறார்கள். காரணம் எளிது: அமைச்சரை நியமிக்க செனட்டின் (நாடாளுமன்ற மேலவை) ஒப்புதல் வேண்டும், நீக்க அதிபரின் ஒரு சொல் போதும். 2018 மார்ச்சில் வெளியுறவு அமைச்சர் டில்லர்சனின் நீக்கத்தை டிரம்ப் ட்விட்டரிலேயே அறிவித்தார்!

இப்படி ஆள் மாறிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு ஓட்டுபவரை முதலாளி மாதத்துக்கு ஒருவராக மாற்றினால்? படகு ஓடும். ஆனால் மீன் எந்தப் பக்கம், வலை எந்தப் பாறையில் சிக்கும் என்று ஒவ்வொருவரும் முதலிலிருந்து கற்க வேண்டும். டீசல்தான் வீண்.

சரி, இத்தனை பேர் போனால் ஆட்சி கவிழாதா? 2021 பிப்ரவரியில் எம்.எல்.ஏ.க்கள் விலகி புதுச்சேரி அரசு கவிழ்ந்ததைப் பார்த்த நமக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் அமைச்சரவையே மொத்தமாக விலகினாலும் அதிபரின் 4 ஆண்டுப் பதவிக்காலம் அதனால் குறையாது.