ஐந்தாவது புத்தகத்தில் மாட்டிக்கொண்டேன், டீச்சர்

கேள்வி: டீச்சர், குலசேகரம் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். வயது 43. உலக இலக்கியங்களை ஒழுங்காகப் படித்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. நார்வே நாட்டுப் புத்தகக் கழகம் 2002இல் வெளியிட்ட நூறு நூல்களின் பட்டியலை என் கடையிலேயே அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். 45 வயதுக்குள் முடிப்பதாகத் திட்டம். இரண்டு வருடம் ஆகிறது, நான்குதான் முடிந்திருக்கிறது. ஐந்தாவதாக இருக்கும் பெக்கெட்டில் ஏழு மாதமாக நாற்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை. போனில் உள்ள செயலி வேறு ‘பின்தங்கிவிட்டீர்கள்’ என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. வீட்டு ரப்பர் மரக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்தான் இந்தக் கணக்கையும் எழுதிவந்தேன். இப்போது அந்தப் பக்கத்தைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. ‘பரீட்சையா எழுதப் போற?’ என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். முடித்த நான்கிலும் என்ன படித்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தமிழில் படித்தால் ஏமாற்று வேலையாகிவிடுமோ என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் படிக்கிறேன். விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம், குலசேகரம்

பதில்: விட வேண்டாம். பெக்கெட்டை மட்டும் விடுங்கள், அதுவும் இப்போதைக்கு.

உங்கள் கடிதம் வந்ததும் அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அச்சிபே, ஆண்டர்சன், ஆஸ்டின், பால்சாக், பெக்கெட். அதற்கடுத்து பொக்காச்சியோ, போர்ஹெஸ். மக்களே, இது ஆங்கில எழுத்து வரிசை! 54 நாடுகளைச் சேர்ந்த 100 எழுத்தாளர்களிடம் கேட்டுத் தொகுத்தார்கள். அதிக வாக்கு வாங்கியது ‘டான் குயிக்ஸாட்’ என்று மட்டும் அறிவித்தார்கள். மிச்சம் 99 நூல்களுக்கு இரண்டாம் இடம், மூன்றாம் இடம் என்று எதுவும் தரவில்லை. நீங்கள் என்னடாவென்றால் ஏ, பி என்று மேலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வரிசை எண் தவறாமல் கல்யாணம் அழைக்கப் போகிற மாதிரி இருக்கிறது. இந்தக் கணக்கில் டால்ஸ்டாய் வீட்டு வாசலுக்கு நீங்கள் வந்து சேர எத்தனை வருடமாகும் என்று பாருங்கள்.

பெக்கெட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பட்டியலில் இருப்பது அவருடைய மூன்று நாவல்கள் சேர்ந்த வரிசை. அதில் முதலாவதான ‘மொல்லாய்’தானே உங்கள் கையில் இருக்கிறது? பத்தியே பிரிக்காமல் பக்கம் பக்கமாகப் போகும். மூச்சு முட்டத்தான் செய்யும். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரு வேடிக்கை வரும். மொல்லாயிடம் சப்புவதற்கென்று கடற்கரையில் பொறுக்கிய பதினாறு கற்கள் இருக்கும். மேல்கோட்டுப் பையும் கால்சட்டைப்பையுமாக நான்கு பைகள். ஒரு கல்லையும் விடாமல், ஒன்றையே இரண்டு தடவை சப்பாமல், பதினாறையும் முறைப்படி சுற்றில் கொண்டுவருவது எப்படி என்று மனுஷன் பக்கக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார். இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு, அந்தப் பையிலிருந்து இந்தப் பைக்கு. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தும் விடுவார். அப்புறம் பார்த்தால், எல்லாக் கல்லும் ஒரே ருசிதான் என்று சொல்லி, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் தூக்கி எறிந்துவிடுவார். அந்த ஒரு கல்லும் தொலைந்ததோ, விழுங்கினாரோ, அவருக்கே நினைவிருக்காது. நான் இதைப் படித்தபோது அடுக்களையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். சுவரில் ஒட்டிய பட்டியலும் செயலியும் வைத்திருக்கிற உங்களுக்கு இன்னும் அதிகமாகச் சிரிப்பு வரும். வருகிற காலத்தில் வரட்டும்.

சரி, கணக்கு நோட்டுக்கு வருவோம். அதன் முன்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தேதி, எத்தனை ரப்பர் ஷீட், மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் எவ்வளவு என்று எழுதியிருப்பீர்கள். நடுவில் பல நாட்களில் ‘மழை’ என்று ஒரே ஒரு சொல் இருக்கும். ஒரு நாள் பால் வெட்டினால் மறுநாள் மரத்துக்கு ஓய்வு. இலை உதிர்ந்து தளிர் விடுகிற சமயத்தில் கத்தியையே தொட மாட்டீர்கள். அந்த நாட்களைப் பார்த்து ‘பின்தங்கிவிட்டோம்’ என்று நீங்கள் வெட்கப்பட்டதுண்டா? அதே நோட்டின் பின்பக்கத்தில் மட்டும் ஏன் கூச்சம்? மாமியாருக்கு உடம்பு சரியில்லாத வாரம், பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் கடையில் நிற்க இடமில்லாத வாரம் எல்லாம் இருக்கும். அங்கேயும் ‘மழை’ என்று எழுதுங்கள். பெக்கெட்டுக்கு நேராக ‘பால் கட்டவில்லை, பிறகு பார்க்கலாம்’ என்று எழுதிவிட்டு அடுத்த மரத்துக்குப் போங்கள்.

டிக் போடுகிற வியாதி எனக்கும் இருந்தது. கல்லூரி நாட்களில் டைரியின் கடைசிப் பக்கத்தில் படித்த புத்தகங்களை எண் போட்டு எழுதிவைப்பேன். ஒரு ருஷ்ய நாவலின் இரண்டாம் பாகம் நூலகத்தில் வெளியே போனது போனதுதான், திரும்பவே இல்லை. முதல் பாகத்தோடு டிக் போட்டுவிட்டேன். பல வருடம் கழித்து தக்கலையில் ஒரு கல்யாண வீட்டில், பந்திக்குக் காத்திருக்கும்போது அந்த நாவல் பேச்சு வந்தது. நானும் படித்திருக்கிறேன் என்று முந்திக்கொண்டேன். ‘அந்த முடிவு எப்படி, டீச்சர்?’ என்று கேட்டுவிட்டார் பக்கத்தில் இருந்தவர். நல்லவேளை, இலை போடக் கூப்பிட்டார்கள்.

நீங்கள் அச்சிபேயைப் படித்தது நினைவில் இல்லை என்கிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். அவர் நாவலில் நாயகன் ஒக்கொங்வோ விழுந்து விழுந்து பயிரிடுகிறாரே, யாம், அது என்ன என்று யோசித்தீர்களா? சேனை என்று நினைத்திருப்பீர்கள். அது நம் காச்சில் கிழங்குக்குச் சொந்தம். இனம் கொஞ்சம் மாறும், குடும்பம் ஒன்றுதான். கொடி படரக் கம்பு நட்டு, மழை தப்பினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அதே பாடு. குலசேகரத்துக்காரரான உங்களுக்கு இது தெரியாத விஷயமா? ஆங்கிலத்தில் ‘யாம்’ என்று கண் ஓடிவிட்டது, கிழங்கு கண்ணில் படவில்லை. அந்த நாவல் என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்ப்பில் ‘சிதைவுகள்’ என்று தமிழில் உண்டு. ஒரு தடவை அதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஏமாற்று வேலை என்று பயப்படுகிறீர்களே, உங்கள் ஐவரில் ஆங்கிலத்திலேயே எழுதியவர்கள் அச்சிபேயும் ஆஸ்டினும் மட்டும்தான். ஆண்டர்சன் எழுதியது டேனிஷ். பால்சாக் பிரெஞ்சு. பெக்கெட் அயர்லாந்துக்காரர் என்றாலும் அந்த மூன்று நாவல்களையும் முதலில் பிரெஞ்சில்தான் எழுதினார். ஆக, நீங்கள் இத்தனை நாளும் பாதிக்கு மேல் மொழிபெயர்ப்பைத்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அது ஆங்கிலமானால் அசல், தமிழானால் போலியா? காம்யுவின் ‘அந்நியன்’ வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தது. காஃப்காவின் ‘விசாரணை’யை ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து கொண்டுவந்தார். இரண்டுமே உங்கள் சுவர்ப் பட்டியலில் இருக்கின்றன. தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’, ‘அசடன்’ இரண்டையும் எம்.ஏ. சுசீலா தமிழில் தந்திருக்கிறார். ஆஸ்டினை மட்டும் ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குத்தல் பேச்சு மூலத்தில்தான் ருசி.

அடுத்து எது என்று கேட்டால் ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ என்பேன். மெல்லிய புத்தகம், அதுவும் பட்டியலில் உண்டு. 84 நாள் ஒரு மீனும் படாமல், 85ஆம் நாள் கடலுக்குப் போகிற கிழவரின் கதை. குளச்சல் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்தபோது, மழைக்கால மத்தியானங்களில் எட்டாம் வகுப்புக்கு இதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். பதினெட்டு அடி மீனைப் படகுக்கு வெளியே சேர்த்துக் கட்டிக் கிழவர் கரைக்குத் திரும்புகிற இடம் வந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். ‘டீச்சர், அத்தாம் பெரிய மீன வெளிய கெட்டி இழுத்தா ரெத்த வாடைக்குச் சுறா வராம இருக்குமா? அவரு ஒத்தையில ஏன் போனாரு?’ என்றான். சுறா வரும் என்று நான் இன்னும் சொல்லவே இல்லை! அடுத்த நாள் கதையை அவன் முந்தின நாளே முடித்துவிட்டான். ‘ஒத்தையில ஏன் போனாரு’ என்பதைத்தான் அன்று ராத்திரி நோட்டில் எழுதினேன். அந்தப் புத்தகத்தைப் பற்றி நான் எழுதிவைத்தது அந்த ஒரு வரிதான். இன்றைக்கும் அதைப் பார்த்தால் முழுக் கதையும், அந்த வகுப்பில் இருந்த ஈர வாடையும் சேர்ந்து வருகிறது.

நீங்களும் அப்படி எழுதுங்கள். தேதி, நிறுத்திய பக்கம், மனதில் நின்ற ஒரு வரி. புரியாத இடம் என்றால் அந்தக் கேள்வி. முடித்தது எத்தனை என்கிற எண்ணை நோட்டில் எங்கும் எழுதாதீர்கள். செயலியை நீக்கிவிடுங்கள், உங்களுக்கு அது சரிப்படாது. ருஷ்ய நாவலானால் முதல் பக்கத்தில் ஆட்களின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் ரொதியோன் ரொமானவிச் ரஸ்கோல்நிகவ் என்பதும் ரோத்யா என்பதும் ஒரே ஆள். நடுவில் இருப்பது அப்பா பெயர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று என்று வாழ்கிற நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது பழகிப்போகும்.

கடையில் அடிக்கடி ஆள் வருவதால் தொடர்ந்து படிக்க முடிவதில்லை என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதற்கேற்ற புத்தகம் எது தெரியுமா? எல்லோரும் தடிமனைப் பார்த்தே மிரளுகிற டால்ஸ்டாய்தான். ‘போரும் வாழ்வும்’ மொத்தம் 361 அத்தியாயம், பெரும்பாலும் சிறியவை. இரண்டு ஆதார் கார்டு ஜெராக்ஸுக்கு நடுவில் ஒன்றை முடித்துவிடலாம். நாளுக்கு ஒன்று என்றால் ஒரு வருடத்தில் முடித்து நாலு நாள் மிஞ்சும். டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்ப்பு இருக்கிறது, நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். (இல்லை என்றால் யாரிடமாவது வாங்கி முழுசாக ஜெராக்ஸ் போட்டுவிடாதீர்கள். சொல்லிவிட்டேன்.)

45 வயதுக் கெடு எதற்கு? யாராவது சான்றிதழ் தரப்போகிறார்களா? இந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கம். இன்னொன்று, அந்தப் பட்டியலில் மகாபாரதமும் ராமாயணமும் இருக்கின்றன, தமிழ் நூல் ஒன்றுகூட இல்லை. முக்கடல் நடுவில் 133 அடிக்கு ஒருவர் நின்றுகொண்டிருப்பது நார்வே வரைக்கும் தெரியவில்லை போலும். தகழியின் மலையாள நாவலான ‘செம்மீ’னும் இல்லை. நாகர்கோவில்காரரான சுந்தர ராமசாமி தமிழாக்கியது அது. ஹெமிங்வேயை முடித்த கையோடு அதை எடுத்தால், கியூபாக் கடலிலிருந்து ஆலப்புழைக் கரைக்கு வந்து சேரலாம். பட்டியலின் அடியில் 101, 102 என்று பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

‘கடலும் கிழவனும்’ என்னிடம் பழைய பிரதி ஒன்று இருக்கிறது. அட்டை போய்விட்டது, பக்கங்கள் சரியாக இருக்கின்றன. பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள், அனுப்பிவைக்கிறேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும். பயப்படாதீர்கள், இதற்கு இரண்டாம் பாகம் கிடையாது.