பிள்ளை ஏன் தேறவில்லை? – குழந்தைகள் நல மருத்துவர் பதில்கள்

என் மகளுக்கு ஒன்றரை வயது. எடை ஏழே முக்கால் கிலோ. நான் காலை ஆறு மணிக்கே வீட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன், திரும்பி வர இரண்டு மணி ஆகும். மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். சாப்பாடு உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. டானிக் எழுதித் தருவீர்களா டாக்டர்?
– வாசகி, கண்ணகி நகர், சென்னை

டானிக் வேண்டாம், அம்மா. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி, ஒன்றரை வயதுப் பெண் குழந்தை 8.1 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைவு, 7.2-க்குக் கீழே போனால் கடும் குறைவு. உங்கள் மகள் நடுவில் நிற்கிறாள். தேற்றிவிடலாம். ஆனால் ஒரு பேதி வந்தால் ஒரே வாரத்தில் அந்தப் பக்கம் போய்விடுவாள், அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்ளும் அளவு, எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லி. அதாவது உங்கள் மகளுக்கு ஒரு டம்ளருக்குச் சற்று மேலே. அந்த இடத்தை ரசஞ்சோறும் கஞ்சித் தண்ணீரும் பிடித்துக்கொண்டால் வேறு எதற்கும் இடமில்லை. கெட்டியாகக் கொடுங்கள். பருப்பை மசித்த சோற்றில் ரேஷன் பாமாயில் ஒரு டீஸ்பூன் விட்டுப் பிசையுங்கள். அந்த ஒரு ஸ்பூனிலேயே 40 கலோரிக்கு மேல் இருக்கிறது. குழந்தைக்கு எண்ணெய் ஆகாது என்று மாமியார் சொல்வார். ஆகும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இந்த வயதில் மூன்று நான்கு வேளைச் சாப்பாடு, நடுவில் ஓரிரு முறை ஏதாவது. அங்கன்வாடி சத்துமாவை உருண்டை பிடித்து வைத்துவிட்டுப் போனால் பத்து மணிக்கு மாமியாருக்கும் வேலை மிச்சம். தாய்ப்பால் இன்னும் இருந்தால் கிளம்பும் முன்னும், வந்த உடனும், இரவிலும் கொடுங்கள். டீயில் நனைத்த பிஸ்கட் மட்டும் வேண்டாம். பசியும் போய்விடும், டீ இரும்புச் சத்தையும் உடம்பில் சேரவிடாது.

இன்னொன்று. அவளுக்கென்று தனித் தட்டு இருக்கிறதா? இந்தக் கேள்வியை எல்லா வீட்டிலும் கேட்பேன். அண்ணன் அக்காவோடு ஒரே தட்டில் சாப்பிடும் பிள்ளை எவ்வளவு சாப்பிட்டது என்று யாருக்கும் தெரியாது. "சாப்பிட்டுச்சு" என்பார்கள். பெரியவன் நாலு வாய் போட்டுக்கொள்வதற்குள் இவள் ஒரு வாய் மென்றிருப்பாள். தனித் தட்டில் போட்டால் மிச்சம் கண்ணுக்குத் தெரியும். என்ன சமைக்கிறார்கள் என்பதைவிட யார் உட்கார்ந்து ஊட்டுகிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன்.

நாங்கள் சில கல்லூரி மாணவர்கள் வியாசர்பாடியில் மாலை வகுப்பு எடுக்கிறோம். வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் தம்பி தங்கைகள் சிலர் மெலிந்து தெரிகிறார்கள். எங்களால் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். மேல்கைச் சுற்றளவு அளக்கும் நாடா ஒன்று போதும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரைக்குமானது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், கையைத் தளரவிட்டு அளக்க வேண்டும். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே மஞ்சள், அதாவது ஊட்டக் குறைவு. 11.5-க்குக் கீழே சிவப்பு, கடும் குறைவு. இறுக்கிப் பிடிக்காதீர்கள். புதிதாக அளப்பவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு அது.

ஆனால் நாடாவை மட்டும் நம்பினால் நாம் ஏமாந்துவிடும் பிள்ளையும் உண்டு. முகம் உப்பி, பாதம் கொழுகொழுவென்று இருக்கும். பார்த்தால் போஷாக்கு மாதிரியே தெரியும். இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். பள்ளம் அப்படியே நின்றால் அது நீர்க்கோவை, கடும் ஊட்டக் குறைவு. கை எவ்வளவு இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை.

1930-களில் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில் (இன்றைய கானா) சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் இந்த நோயைப் பற்றி எழுதி, அந்த ஊர்க்காரர்கள் சொன்ன 'குவாஷியோர்கர்' என்ற பெயரையே வைத்தார். அடுத்த குழந்தை வந்ததும் தாயிடமிருந்து விலக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருள். படித்தபோது எனக்குச் சட்டென்று பாட்டி ஞாபகம் வந்தது. நம் ஊரில் அதைத்தானே 'சவலைப் பிள்ளை' என்கிறோம்?

சிவப்பில் விழுந்த பிள்ளைக்கு நீங்களே வயிறு முட்ட ஊட்டிவிடாதீர்கள். காய்ந்து கிடந்த உடம்பு திடீரென்று வரும் உணவைத் தாங்காது. மருத்துவமனையில் முதலில் 'எஃப்-75' என்று ஒரு லேசான பால்தான் கொடுப்பார்கள், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. நன்றாகப் பசி எடுக்கிறது, வேறு நோய் எதுவும் இல்லை என்றால் வீட்டிலேயே சிகிச்சை நடக்கும். அதற்கு வேர்க்கடலை, பால் பவுடர், எண்ணெய் சேர்த்த பசை மாதிரியான மருந்துணவு உண்டு. இனிப்பாக இருக்கும், வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகளும் கை நீட்டும். மருந்து பாட்டில் வைக்கும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் தெரு இளைஞர் மன்றம் சார்பில் ஏழைத் தாய்மார்களுக்குப் பால் பவுடர் டப்பா கொடுக்கலாம் என்று இருக்கிறோம். எந்த பிராண்ட் நல்லது?

எதுவும் வேண்டாம், தம்பி. பச்சிளங்குழந்தைக்கான பால் பவுடரையும் பால் புட்டியையும் இப்படி இலவசமாக வழங்க 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. டப்பா இருக்கும் வரை தாய்ப்பால் குறையும், தீர்ந்த பிறகு தண்ணீர் கலந்து கலந்து இழுப்பார்கள். குடத்தில் பிடித்து வைத்த லாரித் தண்ணீர், கழுவாத புட்டி, அப்புறம் பேதி. அந்தப் பணத்தில் முட்டை வாங்குங்கள், சோப்பு வாங்குங்கள். இல்லையா, வேலைக்குப் போகும் ஐந்தாறு தாய்மார்களின் பிள்ளைகளை மதியம் வரை பார்த்துக்கொள்ள ஒரு அக்காவுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். பேனர் வைத்துப் போட்டோ எடுக்க முடியாதுதான்.

பக்கத்து ஷெட்டில் பீகார் குடும்பம் ஒன்று இருக்கிறது. இரண்டு சின்னப் பிள்ளைகள். ரேஷன் கார்டு இல்லை என்று அங்கன்வாடிக்கே போகத் தயங்குகிறார்கள்.

ரேஷன் கார்டுக்கும் அங்கன்வாடிக்கும் சம்பந்தமில்லை. ஆறு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைக்கும் அது உரிமை. 2006-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பில் அங்கன்வாடி இல்லையென்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்றும் அந்த ஆணையில் இருக்கிறது. முதல் தடவை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். மொழி தெரியாத இடத்தில் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

பேரனுக்கு பேதி. சோறு நிறுத்திவிட்டோம். தொக்கம் எடுக்கலாமா?

சோற்றை நிறுத்தியதுதான் தப்பு. ஏற்கெனவே மெலிந்த பிள்ளை, பட்டினி போட்டால் இன்னும் கரையும். தயிர்ச்சோறு, இட்லி, தாய்ப்பால் எல்லாம் கொடுக்கலாம். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவில், ஆறவைத்த கொதிநீரில் முழுதாகக் கரையுங்கள். பாதி பாக்கெட் வேலை வேண்டாம். போகும் ஒவ்வொரு தடவையும் கால் முதல் அரை டம்ளர். துத்தநாக மாத்திரை கொடுப்பார்கள், பேதி நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும். கை சூம்பிய பிள்ளை என்றால் வீட்டில் வைத்திருக்காமல் கொண்டுபோய்விடுங்கள், அவர்களுக்குக் கரைசலே வேறு. வயிற்றில் சிக்கியது என்று சொல்லித் தொக்கம் எடுப்பவர் காட்டும் பஞ்சும் முடியும் உங்கள் பேரன் வயிற்றில் இருந்ததல்ல.

பூச்சி மாத்திரை கொடுத்தால் எடை ஏறுமா?

பூச்சி இருந்தால் கொஞ்சம் உதவும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும், ஒன்று முதல் இரண்டு வயதுக்குப் பாதி மாத்திரை, நசுக்கித் தண்ணீரில் கரைத்து. கொடுத்துவிட்டு எடை போட மறக்காதீர்கள், அடுத்த மாதமும் அதே தராசில்.