திருமங்கலத்துத் தம்பிக்கு: எந்தப் புத்தகம் கொண்டு வருவது?

தம்பி கேட்டிருப்பது இது: மதுரையில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் நாலு வருஷம் நெட்வொர்க் பார்த்தாச்சு. அடுத்த மாசம் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் அதே வேலை. எந்தப் புத்தகம், எந்த கோர்ஸ் கையில் இருக்கணும்? கூடவே வாடகை, குளிர் கோட்டு, பொன்னி அரிசி.

அரிசி கிடைக்கும். கோட்டை இங்கே வந்து வாங்குங்க, விளக்குத்தூண் பக்கத்து ஸ்வெட்டர் இந்தக் காற்றுக்குத் தாங்காது. வாடகை ஊருக்கு ஊர் வேறு.

புதுமண்டபத்தில் வாங்கின பழைய புத்தகங்களைப் பெட்டியில் அடைக்காதீங்க. முகவரிகளைக் கூறு போடும் சப்நெட் கணக்கு மாறலை, மற்றதெல்லாம் மாறிப்போச்சு. ஐ.பி. வெர்ஷன் 6-க்கு ஆர்.எஃப்.சி. (இணைய விதிகளை எழுதி வைக்கும் ஆவணம்) 2460 என்று படித்திருப்பீங்க. அது 1998-இல் வந்தது, 2017-இல் 8200 வந்து அதை நீக்கிவிட்டது. எந்த ஆர்.எஃப்.சி.யைத் திறந்தாலும் முதலில் தலைப்பக்கத்தைப் பாருங்க: இதை நீக்கியது எது, திருத்தியது எது, பிழைத்திருத்தம் உண்டா. அதற்கப்புறம்தான் உள்ளே போகணும். சுவிட்ச் மேனுவலும் அப்படித்தான். உங்க சுவிட்சில் ஓடும் வெர்ஷனுக்கான மேனுவலை எடுங்க, கூகுளில் முதலில் வருவதை இல்லை.

ஊரில் ஒரு ஐ.பி. யாருடையது என்று ஏப்னிக்கில் (ஆசிய-பசிபிக் முகவரிகளைப் பதிந்து வைக்கும் அமைப்பு) தேடிப் பழகியிருப்பீங்க. ஐரோப்பிய முகவரிகளுக்கு ரைப். அவங்களே இலவசப் பாடமும் நடத்துறாங்க, காசு கொடுத்துப் படிப்பதற்கு முன் அதை முடிங்க. ஊரில் காலேஜ்களை இணைக்கும் எர்னெட், நேஷனல் நாலெட்ஜ் நெட்வொர்க் இருக்கிற இடத்தில் இங்கே ஜேனெட், ஏ.எஸ். எண் (இணையத்தில் அந்த நெட்வொர்க்கின் அடையாள எண்) 786.

முதல் தலைவலி எஜுரோமில், அதாவது பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான வை-ஃபையில் வரும். லேப்டாப் சுற்றிக்கொண்டே நிற்கும், பாஸ்வேர்ட் தப்பு என்றுகூடச் சொல்லாது. உள்ளே விடலாமா என்று சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரின் லாகில் கேள்வி போயிருக்கும், பதில் இருக்காது. அடையாளம் காட்டும் டிஜிட்டல் சர்ட்டிஃபிகேட் பெரிசாக இருந்தால் யு.டி.பி. 1812-இல் போகும் பாக்கெட் 1500 பைட்டைத் தாண்டித் துண்டாகும். இரண்டாவது துண்டில் போர்ட் எண் கிடையாது, அதனால் நடுவில் இருக்கிற ஃபயர்வால் அதைத் தூக்கிப் போட்டுவிடும். இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் டி.சி.பி.டம்ப் ஓடவிடுங்க, எங்கே காணாமல் போகுது என்று தெரிந்துவிடும். ரேடியஸில் பாக்கெட் அளவைச் சொல்லும் ஃபிரேம்டு எம்.டி.யு.வை 1344 ஆக்கினால் சர்வர் அனுப்புவது சிறிசாகும். லேப்டாப் அனுப்பும் சர்ட்டிஃபிகேட் அதனால் குறையாது, ஃபயர்வால்காரரிடம் துண்டுகளை விடச் சொல்லித்தான் ஆகணும். போர்ட் 1812-ஐ மட்டும் பிடிக்கிற ஃபில்டர் போட்டு கேப்சர் எடுக்காதீங்க, அதிலும் இரண்டாவது துண்டு விழாது.

புது மாணவர்கள் வரும் வாரம் டி.எச்.சி.பி.யில் (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுப்பது) முகவரி தீரும். ஒரு 22-பிட் சப்நெட்டில் 1022 முகவரி. விண்டோஸ் சர்வரில் லீஸ் (ஒரு முகவரியை வைத்துக்கொள்ளும் காலம்) தானாகவே 8 நாள் என்று இருக்கும். வராந்தாவில் நடந்து போனவன் போனும் எட்டு நாள் ஒரு முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வை-ஃபைக்கு ஒரு மணி, இரண்டு மணி போதும். ஹாஸ்டலில் எவனாவது வீட்டு ரவுட்டரை லேன் போர்ட் வழியாகச் செருகுவான், கண்டவர் முகவரி கொடுப்பதைத் தடுக்கும் டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் இல்லையென்றால் மாடி முழுக்க அவன் கொடுக்கிற முகவரிதான்.

இன்னொன்று. சுவிட்சுகளுக்குள் லூப் விழாமல் பார்க்கும் ஸ்பானிங் ட்ரீயின் பிரையாரிட்டியை யாரும் தொடாவிட்டால் எல்லா சுவிட்சிலும் 32768. அப்போது மேக் முகவரி சிறிசாக இருப்பதுதான் ரூட், அதாவது எல்லா வழிக்கும் நடு சுவிட்ச் ஆகும். அது பெரும்பாலும் கட்டிடத்திலேயே பழைய டப்பா. சேர்ந்த முதல் நாளே ரூட் யார் என்று பாருங்க.

இதைக் கட்டாயம் கேளுங்க: ஊரில் நெட்வொர்க்கில் என்னென்ன கருவி இருக்கு என்று துழாவும் ஆங்ரி ஐ.பி. ஸ்கேனரை நினைத்த நேரத்தில் தட்டிவிடுவோம். இங்கே 1990-இலிருந்து அனுமதியில்லாமல் கம்ப்யூட்டரில் நுழைவதைக் குற்றமாக்கும் கம்ப்யூட்டர் மிஸ்யூஸ் சட்டம் இருக்கு. எந்த ரேஞ்ச், எந்த நேரம் என்று எழுத்தில் அனுமதி வாங்காமல் ஸ்கேன் வேண்டாம்.

நம்ம ஆட்களைப் பற்றியும் சொல்லணும். பத்து வருஷம் இங்கே இருந்துவிட்டு, டம்ப் பி.டி.எஃப். (கசிந்த பரீட்சைக் கேள்விகள்) படித்து சர்ட்டிஃபிகேட் வாங்கி, சிக்கல் வந்தால் வாட்ஸப் குரூப்பில் கான்ஃபிக்கை அப்படியே ஒட்டுவாங்க. சிஸ்கோவில் 'பாஸ்வேர்ட் 7' என்று இருப்பது பூட்டு இல்லை, ஒரு நொடியில் திருப்பிப் படிக்கலாம். கேட்பதானால் பாஸ்வேர்டை அழித்துவிட்டு, ஐ.பி.க்குப் பதில் 192.0.2.0 ரேஞ்சைப் போட்டுக் கேளுங்க. உதாரணத்துக்கென்றே ஒதுக்கி வைத்த முகவரி அது.

கிராஃப் பார்ப்பவர்களுக்கு ஒரு சேதி: லைனில் எவ்வளவு டிராஃபிக் என்று படம் போடும் எம்.ஆர்.டி.ஜி. பிறந்தது இங்கே லெஸ்டரில், டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், 64 கிலோபிட் லைனைக் கண்காணிக்க. ஐந்து நிமிட சராசரி வாரப் படத்தில் முப்பது நிமிட சராசரியாகிவிடும், மாதப் படத்தில் இரண்டு மணி, உச்சமெல்லாம் அதில் அமுங்கிப்போகும். போன மாசம் லைன் நிரம்பவே இல்லை என்று அதை வைத்துச் சண்டை போடாதீங்க.

ஆனால் இத்தனைக்கும் மேலே வேண்டியது அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கணக்குதான்: முகவரித் திட்டம், வீலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்) பட்டியல், எந்த ஒயர் எங்கே சேருது என்ற பேட்ச் பேனல் விவரம், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவு. நம்ம ஊர் காலேஜில் இதெல்லாம் லேப் அண்ணன் மண்டையில் இருக்கும். எந்த ஒயர் எந்தச் சுவரைத் துளைத்துப் போகுது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று அவர் லீவு, அன்றைக்குத்தான் லிங்க் விழும். இங்கேயும் அப்படி ஒரு ஆள் இருப்பார், அறுபதை நெருங்கியவராக. சேர்ந்த வாரமே அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து ராக் ராக்காகக் கூடவே நடங்க. அவர் சொல்வதை அன்றைக்கே நெட்பாக்ஸில் (நெட்வொர்க் விவரங்களைப் பதியும் மென்பொருள்) ஏற்றுங்க, கேபிளின் இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டுங்க.