ஐந்தாம் வருடச் சம்பளம் என்ன?

தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மெஷினின் மோட்டார் மக்கர் செய்தால் அவள்தான் பிரித்துப் பார்ப்பாளாம். சென்னையில் இருக்கும் தாய்மாமனோ, "பிளஸ் டூ முடிக்கட்டும், மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிடலாம். இல்லையா, ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனியில் சேர்த்துவிடுகிறேன், முதல் மாதமே சம்பளம்" என்கிறாராம்.

அண்ணே, ஆறுதல் அப்புறம். முதலில் உங்கள் மச்சான் போடும் கணக்கைப் பார்ப்போம்.

கம்பெனி சொல்லும் சம்பளத்தில் அவர்கள் கட்டும் பி.எஃப். பங்கு, விடுதி, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்ந்திருக்கலாம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? 12 சதவீதம் பி.எஃப். பிடித்தபின் கையில் என்ன வரும்? ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்பு தருகிறார்களா? வேலைக்கான ஆர்டர் தருவது கம்பெனியா, கான்ட்ராக்டரா? இதற்கெல்லாம் பதில் வாங்காமல் யாரையும் லைனுக்கு, அதாவது வரிசையில் நின்று பாகங்களைப் பூட்டும் வேலைக்கு, அனுப்பாதீர்கள்.

லைன் வேலையைச் சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆளை மாற்றுவது சுலபம் என்றால் சம்பளம் எப்படி ஏறும்? 2024-இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ததும் சம்பள உயர்வும் சங்க அங்கீகாரமும் கேட்டுத்தான். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா செல்போன் ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது, லைனில் நின்றவர்கள் கற்ற வேலை பெரும்பாலும் அந்த லைனோடு போயிற்று.

கம்ப்யூட்டர் சயின்ஸை அவள் கேட்டாளா? கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. கேட்காத படிப்புக்காகத் தோட்டத்தை அடகு வைக்கக் கூடாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

நீங்கள் மலையிறங்கிப் பார்க்க வேண்டிய இடம் திண்டுக்கல்லில் இருக்கிறது: அரசின் இன்ஸ்டிடியூட் ஆஃப் டூல் இன்ஜினியரிங். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு அங்கே டூல் அண்டு டை டிப்ளமோ உண்டு. செல்போனின் பிளாஸ்டிக் மூடியை வார்க்கும் மோல்டு, சார்ஜர் பின்னை வெட்டும் டை, போர்டைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்சர் எல்லாம் டூல் ரூம்காரர்கள் கைவேலை. மில்லிங், சர்ஃபேஸ் கிரைண்டிங், வயர்கட் என்று மெஷின் மெஷினாகப் பழக வேண்டும். அளவெல்லாம் மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கில்; தலைமுடியே சுமார் 70 மைக்ரான் பருமன் இருக்கும். மோல்டில் சின்னப் பிசகு விழுந்தாலும் வார்த்து வரும் மூடி அத்தனையிலும் அது தெரியும். அதனால்தான் கை தேர்ந்த டூல் மேக்கரை அவ்வளவு லேசில் அனுப்பமாட்டார்கள். மாடல் மாறினால் புது மோல்டு வேண்டும், அதற்கும் இவர்களைத்தான் தேட வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் படுத்தாலும் கோவை பம்பு, ஓசூர் வாகன உதிரிபாகம் என்று வேறு கம்பெனிகளின் கதவு உண்டு.

சுகமான வேலை இல்லை. நின்றே இருக்க வேண்டும், கையெல்லாம் எண்ணெய். முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளம் லைன் வேலையை ஒட்டியே இருக்கலாம். மச்சான் அதைச் சொல்லிக்காட்டுவார். சொல்லட்டும். ஐந்தாம் வருடம் லைனில் என்ன, டூல் ரூமில் என்ன என்று அங்கே வேலை பார்ப்பவர்களிடமே அவரை விசாரிக்கச் சொல்லுங்கள்.

மகளையும் கூட்டிப்போய் ஒர்க்‌ஷாப்பைக் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். பிடித்துவிட்டால், அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். டிப்ளமோவுக்கும் அது உண்டு. அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு தொடங்கி, ஆதாரை இணைத்து வையுங்கள்.