பசுமை ஆற்றலுக்கு மாறும்போது பணக்கார நாடுகளின் சுற்றுச்சூழல் தடம் உண்மையிலேயே குறைகிறதா, இல்லை ஏழை நாடுகளின் தலையில் ஏறுகிறதா?

இரண்டும் நடக்கிறது. கார்பன் தடம் உண்மையாகவே குறைகிறது. நிலம், நீர், சுரங்கக் கழிவு ஆகியவற்றின் தடம் இடம் மாறுகிறது. இவை இரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடைக்கப் பார்ப்பதால்தான் விவாதம் முடிவதே இல்லை.

முதலில் கார்பன். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2014 அறிக்கை, தயாரிப்பு முதல் கழிவு வரை எல்லாவற்றையும் கூட்டும் ஆயுட்காலக் கணக்கைத் தருகிறது. அதன்படி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி சுமார் 820 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான வாயுக்களை வெளியிடுகிறது. பெரிய சூரிய மின் நிலையத்துக்கு 48 கிராம், நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு 11. பேனல் செய்ய எரித்த நிலக்கரியும் அந்த 48-க்குள் அடக்கம். ஆகவே பேனல் எந்த நாட்டில் செய்யப்பட்டாலும் உலக மொத்தம் இறங்கத்தான் செய்யும்.

ஆனால் யார் கணக்கில் எழுதுவது? ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் கீழ் நாடுகள் கொடுக்கும் அறிக்கை, தங்கள் எல்லைக்குள் எழும் புகையை மட்டுமே எண்ணும். இறக்குமதியான எஃகு, பேட்டரி எல்லாம் செய்து அனுப்பிய நாட்டின் கணக்கில் போய்விடும். இதைத் திருத்துவது நுகர்வுவழிக் கணக்கு: புகையைப் பொருளைச் செய்த நாட்டின் பேரில் அல்ல, கடைசியில் பயன்படுத்தும் நாட்டின் பேரில் எழுதுவது. எந்தத் துறை எந்தத் துறையிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் உள்ளீடு-வெளியீட்டு அட்டவணைகளைப் பல நாடுகளுக்கும் ஒன்றாகக் கோக்க வேண்டும். ஒவ்வொரு துறையும் ஒரு ரூபாய் அல்லது டாலர் உற்பத்திக்கு விடும் புகையை, விநியோகச் சங்கிலி முழுவதன் உற்பத்தியையும் தரும் லியோன்டீஃப் நேர்மாறு அணியால் பெருக்கி, அதை இறுதித் தேவையால், அதாவது மக்களும் அரசும் கடைசியாக வாங்குவதாலும் முதலீட்டாலும் பெருக்க வேண்டும். வீட்டு அடுப்பிலும் சொந்தக் காரிலும் நேரடியாக எரிவது இந்த அணிக்குள் வராது. அதைத் தனியே கூட்ட மறந்தால் கார் அதிகமுள்ள நாட்டின் தடம் சிறுத்துத் தெரியும்.

என் பார்வையில் மிகப் பெரிய பிழை மூலதனத்தில் இருக்கிறது. வழக்கமான முறையில், ஓர் ஆலையைக் கட்டும் செலவு அது கட்டப்படும் நாட்டின் இறுதித் தேவையாகவே பதிவாகும். இந்தோனேசியா 2020-இல் நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடை செய்தது. மொரோவாலி, வேடா பே போன்ற இடங்களில் உருக்காலைகளும், அவற்றுக்கென்றே தனி நிலக்கரி மின் நிலையங்களும் எழுந்தன. நிக்கல் பெரும்பாலும் வெளியே போகிறது. ஆனால் ஆலை கட்டக் கொட்டிய சிமென்ட்டும் எஃகும் இந்தோனேசிய மக்கள் 'நுகர்ந்ததாக' எழுதப்படுகின்றன! ஆலையின் ஆண்டுத் தேய்மானத்தை அந்தத் துறையின் உள்ளீடாக அணிக்குள் சேர்த்தால் இது சரியாகும். மாற்றக் காலம் என்பதே முதலீடு குவியும் காலம். அதனால் இந்தப் பிழை இப்போதுதான் அதிகம் பாதிக்கும்.

அடுத்தது திரட்டல் பிழை, அதாவது பல நாடுகளை ஒரே தொகுப்பாகச் சேர்ப்பதால் வரும் பிழை. பரவலாகப் பயன்படும் எக்சியோபேஸ் அட்டவணையில் 44 நாடுகளுக்குத் தனி இடம் உண்டு, மீதி உலகம் ஐந்து தொகுப்புகள். ஆப்பிரிக்காவில் தனி இடம் தென்னாப்பிரிக்காவுக்கு மட்டுமே. உலகில் வெட்டியெடுக்கும் கோபால்ட்டில் ஏறத்தாழ 70 சதவீதம் தரும் காங்கோ ஜனநாயகக் குடியரசு, 'மீதி ஆப்பிரிக்கா' என்ற தொகுப்பில் கென்யாவோடும் மொராக்கோவோடும் கலந்து கிடக்கிறது. தென் அமெரிக்காவின் சிலியும் இப்படித்தான் வேறொரு தொகுப்பில் கலந்து கிடக்கிறது. உலோகங்களுக்குப் பண மதிப்பை விட்டுவிட்டு, டன் கணக்கில் நேரடியாகப் பெருக்கிச் சரிபார்ப்பதே நம்பகமான வழி.

செம்பை எடுத்துக்கொள்வோம். தாதுவில் 0.6 சதவீதம் செம்பு, ஆலையில் 87 சதவீதம் மீட்பு என்று வைத்தால், ஒரு டன் செம்புக்குச் சுமார் 190 டன் தாது அரைக்க வேண்டும். சர்வதேச ஆற்றல் முகமை 2021-இல் தந்த கணக்கில் ஒரு மின்சாரக் காருக்கு ஏறக்குறைய 53 கிலோ செம்பு. அதாவது ஒரு காருக்கு 10 டன் தாது. தாதுவை எட்டத் தோண்டி ஒதுக்கும் பாறை இதில் சேரவில்லை. கார் எங்கு ஓடினாலும், அரைத்த சேறு சுரங்கத்தின் பக்கத்து அணையில்தான் நிரந்தரமாகத் தேங்கும். கார்பன் கணக்கில் இந்தச் சேறு தெரியவே தெரியாது.

நீர்த் தடத்திலும் ஓர் ஓட்டை. சிலியின் அட்டகாமா உப்புப் பாலையில் லித்தியத்துக்காக இறைக்கும் உப்புநீர் 'நன்னீர்' அல்ல என்பதால் வழக்கமான நீர்த் தடக் கணக்குகள் அதைச் சேர்ப்பதில்லை. குளங்களில் ஓராண்டுக்கும் மேலாகக் காய்ந்து ஆவியாகும் அந்த நீருக்குக் கணக்கில் பூஜ்யம். நன்னீர்ப் பயன்பாட்டோடு இறைத்த உப்புநீரின் கனமீட்டரையும் தனி வரியில் எழுதுவதே நேர்மை.

இறக்குமதிப் பொருளைச் செய்யும்போது எழுந்த கார்பனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் எல்லைக் கார்பன் கட்டணம் இதையெல்லாம் தீர்க்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். தீர்க்காது. 2026-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாடு சிமென்ட், இரும்பு-எஃகு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றோடு தொடங்கியது. செம்பும் லித்தியமும் அந்தப் பட்டியலில் இல்லை. எண்ணுவதும் பசுங்குடில் வாயுக்களை மட்டுமே.

இரு நாடுகளை ஒப்பிடும்போது தலைக்கு எவ்வளவு என்ற அளவில் நுகர்வுவழிக் கார்பன், பொருள் தடம் (நுகர்வுக்காக உலகெங்கும் தோண்டி எடுத்த மூலப்பொருள்), பற்றாக்குறை எடையிட்ட நீர் (நீர் அரிதான இடத்தில் எடுத்ததற்குக் கூடுதல் எடை தரும் அளவு) ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 வள அறிக்கைப்படி, உயர் வருமான நாட்டவர் ஒருவர் பயன்படுத்தும் பொருள், குறைந்த வருமான நாட்டவர் பயன்படுத்துவதைப்போல் ஆறு மடங்கு. அட்டவணையின் அடிப்படை ஆண்டையும் பாருங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் நிக்கலும் இல்லை, கோபால்ட்டும் இல்லை. அவை பரவுவதற்கு முந்தைய ஆண்டின் குணகங்களை, அதாவது ஒரு காருக்கு எவ்வளவு உலோகம் என்ற பழைய விகிதங்களை, இன்றைய கார்களுக்குப் போட்டால் காங்கோ, இந்தோனேசியா போன்ற இடங்களின் சுமை உண்மையைவிடக் கூடுதலாக வரும்.